லைட்டு எரியுது, ஒயர் கரெக்டா பொருந்துது, ஆனா ரெண்டாவது மானிட்டர்ல "நோ சிக்னல்" – உதவி வேணுங்க

ஈரோடு_கணக்கு | 12ஆம் தேதி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், வீட்லயும் நாலஞ்சு ஜவுளிக்கடை கணக்கு தனியா எழுதறேன். மாசாமாசம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையருங்க ஜிஎஸ்டில காட்டின பில்லு லிஸ்ட்) வந்ததும் அதை ஒரு பக்கம் வச்சுட்டு டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல இருக்கற பர்ச்சேஸை இன்னொரு பக்கம் வச்சுட்டு பில்லு பில்லா டிக் அடிக்கணும், 15 இன்ச் லேப்டாப்ல ஆல்ட் டேப் அடிச்சு அடிச்சு கட்டைவிரலே தேஞ்சு போச்சுங்க.

ஆபீஸ்ல பழசெல்லாம் கழிச்சப்ப ஒரு 19 இன்ச் மானிட்டர் குடுத்தாங்க, 1440க்கு 900, பின்னாடி நீல கலர் விஜிஏ (பழைய காலத்து வீடியோ ஓட்டை) மட்டும்தான் இருக்கு. என் லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ ஒண்ணு, டைப் சி ஒண்ணு, விஜிஏ கிடையாது. சரின்னு கடைக்கு போயி விஜிஏ ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேணும்னு கேட்டு 350 ரூபாய்க்கு ஒரு குட்டி டப்பா வாங்கிட்டு வந்தனுங்க. டப்பாவோட விஜிஏ பக்கம் மானிட்டர் பின்னாடி அப்படியே போயி உக்காந்துச்சு, ஸ்க்ரூ கூட முடுக்கிட்டேன். இன்னொரு பக்கம் ஹெச்டிஎம்ஐ ஓட்டை, டிவி செட்டாப் பாக்ஸ் கேபிளை கழட்டி லேப்டாப்ல இருந்து அதுல மாட்டினேன். டப்பாவுல வால் மாதிரி ஒரு யூஎஸ்பி ஒயர் இருக்கு, அதையும் லேப்டாப்ல சொருகினா சிவப்பு லைட்டு ஜம்முனு எரியுது.

ஆனா மானிட்டர் "நோ சிக்னல்"னு காட்டிட்டு தூங்கிடுது. விண்டோஸ் பட்டனும் பியும் சேத்து அமுக்கி எக்ஸ்டெண்ட் குடுத்தாச்சு, டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் பண்ணியாச்சு, மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் நடக்கல. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டா "லைட்டு எரியுதுல்ல, அப்ப எங்க பொருள் நல்லாதான் இருக்கு, உங்க லேப்டாப் போர்ட்டு போயிருக்கும், சர்வீஸுக்கு குடுங்க"ன்னுட்டாரு. போர்ட்டு போயிருக்குமாங்க? 20ஆம் தேதிக்குள்ள எல்லாருக்கும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடணும், இப்ப லேப்டாப்பை சர்வீஸுக்கு குடுத்தா நான் கெட்டேன்.

சும்மா_வந்தவன் | 12ஆம் தேதி, இரவு 9:58

எதுக்கு ப்ரோ இவ்ளோ போராட்டம், அந்த ஓட்ட மானிட்டரை பழைய இரும்புக்கு போட்டுட்டு ஹெச்டிஎம்ஐ வச்ச புது 22 இன்ச் ஒண்ணு வாங்கிடுங்க, சோலி முடிஞ்சது.

வைகைக்கரை | 12ஆம் தேதி, இரவு 10:15

புதுசு வாங்கச் சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கு, காசு யாரு குடுக்குறது. கேட்டவுங்க மானிட்டர் வாங்கவா யோசனை கேட்டாங்க?

ஈரோட்டுக்காரவுகளே, ரெண்டு விஷயம் சொல்லுங்க. அதே கேபிளை லேப்டாப்ல இருந்து வீட்டு டிவில மாட்டினா படம் வருதா? அந்த டப்பா மேல என்ன எழுதியிருக்கு, பொடி எழுத்தா இருக்கும், டார்ச் அடிச்சு பாருங்க. நான் மதுரையில சின்னதா நெட் சென்டர் வச்சிருக்கேன், போர்ட்டு போயிருச்சுன்னு வர்ற பத்து லேப்டாப்ல ஒம்போது போர்ட்டு நல்லாத்தான் இருக்கும்.

ஈரோடு_கணக்கு | 12ஆம் தேதி, இரவு 10:41

டிவில மாட்டினேன், உடனே வந்துருச்சுங்க, சத்தத்தோட. அப்ப போர்ட்டு போகல, அப்பாடா.

டப்பா மேல "விஜிஏ டூ ஹெச்டிஎம்ஐ"ன்னு போட்டிருக்குங்க. சரியாத்தானே இருக்கு? ரெண்டு பேரும் இருக்காங்களே.

(ப்ரோ இல்லீங்க, அக்கா.)

ரிச்சித்தெரு | 12ஆம் தேதி, இரவு 11:20

ரெண்டு பேரும் இருக்காங்க, ஆனா வரிசை மாறிப்போச்சு அக்கா. அந்த "டூ"தான் இதுல முக்கியமான வார்த்தை. விஜிஏ டூ ஹெச்டிஎம்ஐன்னா விஜிஏ உள்ள வரும், ஹெச்டிஎம்ஐ வெளிய போகும். அதாவது பழைய கம்ப்யூட்டர்ல இருந்து புது டிவிக்கு படம் அனுப்பறதுக்கான டப்பா அது. உங்களுக்கு வேண்டியது புது லேப்டாப்ல இருந்து பழைய மானிட்டருக்கு, ஹெச்டிஎம்ஐ டூ விஜிஏ. நீங்க வாங்கினது எதிர் பக்கம் போற பஸ்ஸு, சீட்டு காலியா இருக்குன்னு ஏறி உக்காந்துட்டீங்க.

ஏன் ரெண்டு பக்கமும் வேலை செய்யாதுன்னு தெரிஞ்சுகிட்டா இனிமே எந்த கடையிலயும் ஏமாற மாட்டீங்க, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். விஜிஏ 1987ல ஐபிஎம்மோட பிஎஸ்/2 கம்ப்யூட்டர்கூட வந்தது, அப்ப மானிட்டர்னா குழாய் மானிட்டர்தான். அந்த ஒயர்ல போறது நம்பர் கிடையாது, வோல்ட்டேஜ். சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி ஒயர், பூஜ்யத்துல இருந்து 0.7 வோல்ட்டுக்குள்ள ஏறி இறங்கும், வோல்ட்டேஜ் ஏறினா கலர் பளிச், இறங்கினா மங்கல், அவ்ளோதான் விஷயம். ஹெச்டிஎம்ஐல போறது முழுக்க ஒண்ணும் பூஜ்யமும். இதை அதா மாத்த நடுவுல ஒரு சிப்பு வேணும். நம்பரை வோல்ட்டேஜா மாத்தற சிப்பு வேற, வோல்ட்டேஜை அளந்து நம்பரா மாத்தற சிப்பு வேற. உங்க டப்பாக்குள்ள இருக்கறது ரெண்டாவது ஜாதி. அது விஜிஏ பக்கத்துல இருந்து ஏதாச்சும் வருமான்னு காத்துட்டு உக்காந்திருக்கு, உங்க மானிட்டரும் அதே பக்கத்துல இருந்து ஏதாச்சும் வருமான்னு காத்துட்டு உக்காந்திருக்கு. ரெண்டு பேரும் வாயைத் திறந்துட்டு இருந்தா ஊட்டறது யாரு?

லைட்டு எரியறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது யூஎஸ்பில கரண்ட் வருதுன்னு மட்டும்தான் சொல்லுது.

கடையில போயி பேரு சொல்லி கேக்காதீங்க, உருவத்தை பாத்து வாங்குங்க. உங்களுக்கு வேண்டியதுல ஹெச்டிஎம்ஐ பக்கம் ஆண், லேப்டாப்புக்குள்ள நேரா போற மாதிரி நீட்டிட்டு இருக்கும். விஜிஏ பக்கம் பெண், பின் இருக்காது, ஓட்டைதான் இருக்கும், அதுல மானிட்டரோட பழைய விஜிஏ கேபிளை மாட்டணும். இன்னொண்ணு, ரெண்டு முனையும் ஆணா, டப்பாவே இல்லாம ஒல்லியா வெறும் கேபிளா "ஹெச்டிஎம்ஐ விஜிஏ கேபிள்"னு ஒண்ணு 150 ரூபாய்க்கு தொங்க விட்டிருப்பாங்க. சிப்பு இல்லாத வெறும் ஒயர்னா அது துணி காயப்போடத்தான் ஆகும்.

ஈரோடு_கணக்கு | 12ஆம் தேதி, இரவு 11:34

அட ராமா. ஒயர் அவ்வளவு அழகா போயி உக்காந்துச்சுங்களே, பொருந்துச்சுன்னா வேலை செய்யும்னு நெனச்சுட்டேன். நாளைக்கே போயி மாத்திட்டு வர்றேன். லேப்டாப்ல இருந்து இதுக்கு தனியா கரண்ட் வேணுமுங்களா?

ரிச்சித்தெரு | 12ஆம் தேதி, இரவு 11:47

ஹெச்டிஎம்ஐ போர்ட்டுலயே ஒரு பின்ல 5 வோல்ட் வரும், சின்ன அடாப்டருக்கு பெரும்பாலும் அது போதும். ஆனா அது குறைஞ்சபட்சம் 55 மில்லி ஆம்ப் குடுத்தா போதும்னுதான் ரூல், சில லேப்டாப் அதுக்கு மேல குடுக்கும், சிலது கஞ்சத்தனம் பண்ணும். படம் வந்து வந்து போனா அதுதான் காரணமா இருக்கும். பக்கவாட்டுல குட்டியா மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை வச்ச அடாப்டரா வாங்கினா, தேவைப்பட்டா போன் சார்ஜர் ஒயரை சொருகிக்கலாம். 50 ரூபா கூட ஆகும், தப்பில்ல.

மீன்குழம்பு_கோடிங் | 13ஆம் தேதி, காலை 7:12

ஒரு சந்தேகம் ப்ரோ, ஒரு பக்கம்தான் போகும்னு சொல்றீங்க, ஆனா என்கிட்ட டிவிஐ (இன்னொரு வகை வீடியோ பிளக்கு) ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணு இருக்கு, அதை எப்படி திருப்பி மாட்டினாலும் வேலை செய்யுதே? அதுல சிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல.

ரிச்சித்தெரு | 13ஆம் தேதி, காலை 8:05

நல்ல கேள்வி. டிவிஐல இருக்கற டிஜிட்டல் சிக்னலும் ஹெச்டிஎம்ஐ சிக்னலும் ஒரே பாஷை, டிவிஐ 1999ல வந்தது, அதை எடுத்து சத்தத்தையும் சேத்து பிளக்கை சின்னதாக்கினதுதான் ஹெச்டிஎம்ஐ. அதனால மாத்தறதுக்கு எதுவும் இல்ல, ஒயரோட மூஞ்சி மட்டும்தான் வேற. ரெண்டு பக்கமும் ஓடும்.

ஆனா டிவிஐலயே ஒரு பொறி இருக்கு. தட்டையா கோடு மாதிரி ஒரு பின் இருக்கும்ல, அதை சுத்தி நாலு குட்டி பின் இருந்தா டிவிஐ ஐ, அதுல விஜிஏ சிக்னலும் சேந்து வரும், சிப்பு இல்லாத 40 ரூபா மொட்டை அடாப்டர் போட்டு விஜிஏ எடுத்துக்கலாம். அந்த நாலும் இல்லன்னா டிவிஐ டி, டிஜிட்டல் மட்டும், மொட்டை அடாப்டர் போட்டா நோ சிக்னல்தான். நாலு பின்னும் தடுக்குதுன்னு கட்டிங் பிளேயர் வச்சு ஒடிச்சுட்டு மாட்டி பாத்த ஒருத்தர் என்கிட்ட வந்திருக்காரு, அவரை ஒண்ணும் சொல்ல முடியல.

டிஸ்ப்ளே போர்ட்னு இன்னொரு வகை வீடியோ போர்ட்டு இருக்கு, அது வேற கதை. அது வேற பாஷை, ஆனா ரெண்டு பாஷையும் பேசத் தெரிஞ்ச போர்ட்டு நிறைய இருக்கு, "டிபி" லோகோ பக்கத்துல ரெண்டு பிளஸ் போட்டிருக்கும். அதுல இருந்து ஹெச்டிஎம்ஐ மானிட்டருக்கு போக சாதாரண அடாப்டர் போதும். திருப்பி, ஹெச்டிஎம்ஐ லேப்டாப்ல இருந்து டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருக்கற மானிட்டருக்கு போகணும்னா அந்த கேபிளை திருப்பி மாட்டினா வராது, சிப்பு வச்ச, தனியா யூஎஸ்பி கரண்ட் எடுக்கற அடாப்டர் வேணும், விலையும் கூட. கடையில "எல்லாம் சேம்தான் சார்"னு சொல்லுவாங்க. சேம் இல்ல.

வைகைக்கரை | 13ஆம் தேதி, காலை 9:30

இதை விட கொடுமை ஒண்ணு எங்க சென்டர்ல வாராவாரம் நடக்கும். டெஸ்க்டாப்ல புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பாய்ங்க, மொத மானிட்டரை கார்டுல மாட்டிட்டு ரெண்டாவதை மேல மதர்போர்டு ஹெச்டிஎம்ஐல மாட்டி, வரல வரலன்னு அடாப்டரா வாங்கி குவிச்சிருப்பாய்ங்க. கார்டு போட்டதும் நிறைய போர்டு மதர்போர்டு வீடியோவை அதுவா ஆஃப் பண்ணிக்கும், பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப தொறக்குற செட்டிங்ஸ்) போயி மல்டி மானிட்டர்னு இருக்கறதை ஆன் பண்ணாத்தான் வரும். இன்டெல் பிராசசர் நம்பர் கடைசியில எஃப் இருந்தா அதுவும் கிடையாது, அதுல உள்ள கிராபிக்ஸே இல்ல, மேல இருக்கற ஓட்டை வெறும் அலங்காரம். ரெண்டையும் கார்டுலயே மாட்டுனா முடிஞ்சுது, அதுக்கு என்கிட்ட வரணுமாய்யா. வந்தா நல்லதுதான், டீ செலவுக்கு ஆகுது.

பனைமரம் | 13ஆம் தேதி, மதியம் 1:18

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இழைய திசை திருப்புறன் எண்டு கோவிக்காதேங்கோ. எனக்கு படம் வருது, ஆனா மவுஸ் இழுபடுது. லேப்டாப்பில டைப் சி, அதில ஒரு ஹப் வேண்டி போட்டனான், ஹப்பில ஹெச்டிஎம்ஐ ஒண்டு, யூஎஸ்பி மூண்டு, அதில இருந்து 4கே மானிட்டருக்கு. எழுத்தெல்லாம் நல்ல தெளிவு, ஆனா ஜன்னலை பிடிச்சு இழுத்தா தண்ணிக்குள்ள இழுக்கிற மாதிரி இருக்குது. லேப்டாப் ஸ்லோவோ எண்டு பாத்தா லேப்டாப் ஸ்கிரீன்ல ஒரு பிரச்சினையும் இல்லை. என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ.

ரிச்சித்தெரு | 13ஆம் தேதி, மதியம் 2:02

டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்கு போயி அந்த மானிட்டரை செலக்ட் பண்ணி ரெஃப்ரெஷ் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை படம் மாறுது, என்னன்னு பாருங்க. 30 ஹெர்ட்ஸ்னு இருக்கும்னு நெனக்கறேன்.

பனைமரம் | 13ஆம் தேதி, மதியம் 2:20

ஓம், 30 தான் காட்டுது! 60 தெரிவே இல்லை. எப்பிடி கண்டுபிடிச்சனீங்கள்?

ரிச்சித்தெரு | 13ஆம் தேதி, மதியம் 2:51

ஹப்புன்னு சொன்னதுமே. டைப் சி கேபிளுக்குள்ள வேகமா ஓடற பாதை நாலு ஜோடி இருக்கு. ஹப்புல யூஎஸ்பி 3 ஓட்டையும் இருந்தா அதுக்கு ரெண்டு ஜோடி போயிடும், படத்துக்கு மிச்சம் ரெண்டுதான். டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேகத்துல ரெண்டு ஜோடிய வச்சு 4கே 60ல அனுப்ப முடியாது, 30தான் தாங்கும். இல்லன்னா ஹப்புக்குள்ள ஹெச்டிஎம்ஐ 1.4 சிப்பு போட்டிருப்பாங்க, அதுவும் 4கேன்னா 30தான். டப்பாவுல "4கே சப்போர்ட்"னு பெருசா போட்டுட்டு 30ங்கறதை எறும்பு சைசுல போடறது இந்த தொழில்ல சகஜம்.

மானிட்டர்ல டிஸ்ப்ளே போர்ட் இருக்கும்ல? டைப் சி டூ டிஸ்ப்ளே போர்ட் நேர் கேபிள் ஒண்ணு வாங்கி போடுங்க, நாலு ஜோடியும் படத்துக்கே போகும், 60 வரும். அதுவரைக்கும் ரெசல்யூஷனை 2560க்கு 1440க்கு குறைச்சு பாருங்க, 60 வரலாம், எழுத்து கொஞ்சம் மசமசன்னு இருக்கும்.

உங்க போர்ட்டுல வீடியோ வருதுங்கறதே பெரிய விஷயம். டைப் சி ஓட்டை இருந்தா எல்லாத்துலயும் படம் வராது, சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். பக்கத்துல டிபி லோகோ இல்லன்னா மின்னல் குறி இருக்கான்னு பாக்கணும், அதுவும் இல்லன்னா மாடல் நம்பர் போட்டு கம்பெனி ஸ்பெக்கை படிக்கணும்.

பனைமரம் | 13ஆம் தேதி, மதியம் 3:07

இருக்குது டிஸ்ப்ளே போர்ட். தம்பி அடுத்த கிழமை கொழும்புக்கு போறான், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில பாக்கச் சொல்றன். பெரிய உபகாரம்.

தீவுத்தமிழ் | 13ஆம் தேதி, மாலை 6:44

சிங்கப்பூர்லேந்து. நானும் கொஞ்சம் சேர்த்துக்கறேன், மேக் வச்சிருக்கறவங்க கவனிக்க. எம்1 மேக்புக் ஏர்ல வெளி மானிட்டர் ஒண்ணுதான், எத்தனை போர்ட் ஹப் வாங்கி எத்தனை ஹெச்டிஎம்ஐ சொருகினாலும் ரெண்டாவது மானிட்டர்ல மொதல் மானிட்டரோட நகல்தான் வரும். நான் ரெண்டு வேணும்னு டிஸ்ப்ளேலிங்க் டாக் வாங்கினேன். அது வேற வழி, படத்தை சாஃப்ட்வேர்ல சுருக்கி சாதாரண யூஎஸ்பி டேட்டாவா அனுப்பி அந்தப் பக்கம் விரிக்குது, அதனால டிரைவர் போட்டே ஆகணும், மேக்ல ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதியும் கேக்கும், பயந்துடாதீங்க. எக்செல், மெயில், கோடு எல்லாத்துக்கும் பிரமாதம். ஆனா ஓடிடி படம் போட்டா கருப்பா போயிடும், சத்தம் மட்டும் வரும், காப்பி தடுக்கற ஹெச்டிசிபி இது வழியா போகாது. ஆபீஸ் நேரத்துல படம் பாக்காம இருக்க எனக்கு இது வசதிதான்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க.

மீன்குழம்பு_கோடிங் | 13ஆம் தேதி, மாலை 7:30

ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் 300 ரூபாய்க்கு கிடைக்குதே, ஒண்ணை ரெண்டா பிரிச்சு ரெண்டு மானிட்டர் போட்டா ஆகாதா?

வைகைக்கரை | 13ஆம் தேதி, மாலை 7:41

ஒரே படம் ரெண்டு இடத்துல தெரியும் தம்பி, கல்யாண மண்டபத்துல ரெண்டு டிவில ஒரே தாலி கட்டுறது தெரியுற மாதிரி. கம்ப்யூட்டருக்கு ஒரே மானிட்டர்னுதான் தோணும்.

ஈரோடு_கணக்கு | 13ஆம் தேதி, இரவு 8:55

வந்துருச்சுங்க!! கடைக்காரரு பெட்டி பிரிச்சுட்டீங்கன்னு பழசை திருப்பி வாங்க மாட்டேன்னுட்டாரு, சண்டை போட தெம்பில்ல, வேற கடையில போயி நீங்க சொன்ன மாதிரி உருவத்தை பாத்தே வாங்கினேன், 280 ரூபா, ஹெச்டிஎம்ஐ ஆண், விஜிஏ பெண், பக்கத்துல குட்டி ஓட்டை. மானிட்டர் பின்னாடி இருந்த பழைய கேபிளை மாட்டினதும் படம் வந்துருச்சு, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டினேன்.

ஆனா இன்னொரு வம்பு. எல்லாம் பூதாகரமா, அமுக்கிவிட்ட மாதிரி அகலமா தெரியுதுங்க. செட்டிங்ஸ்ல போனா 1024க்கு 768, 800க்கு 600 இது ரெண்டுதான் இருக்கு, 1440க்கு 900 லிஸ்ட்லயே இல்ல. டேலி பாதிதான் தெரியுது. இந்த அடாப்டரும் தப்பா?

சும்மா_வந்தவன் | 13ஆம் தேதி, இரவு 9:02

350ம் 280ம் 630 ஆச்சு அக்கா, நான் அப்பவே சொன்னேன் 😄

லினக்ஸ்_லோகம் | 13ஆம் தேதி, இரவு 9:20

விண்டோஸுக்கு பதிலா உபுண்டு லினக்ஸ் போடுங்க, டெர்மினல்ல எக்ஸ்ரேண்டர் கமாண்ட்ல புது மோடு சேத்தா எந்த ரெசல்யூஷனையும் நாமளே திணிக்கலாம்.

வைகைக்கரை | 13ஆம் தேதி, இரவு 9:26

யோவ், அவுங்க விண்டோஸ்ல டேலி ஓட்டணும்யா.

ரிச்சித்தெரு | 13ஆம் தேதி, இரவு 9:50

அக்கா அவசரப்பட்டு எதையும் தூக்கி போடாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல மானிட்டர்ஸ்னு இருக்கும், அதை விரிச்சா என்ன பேரு வருது?

ஈரோடு_கணக்கு | 13ஆம் தேதி, இரவு 10:04

"ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்"னு ஒண்ணு, "ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்"னு ஒண்ணுங்க.

ரிச்சித்தெரு | 13ஆம் தேதி, இரவு 10:33

அந்த இங்கிலீஷ் "நான்"தான் குற்றவாளி, "இல்லாத"ன்னு அர்த்தம். பிஎன்பின்னா சொருகினதும் தானா அடையாளம் தெரியறது. மொதல்ல இருக்கறது உங்க லேப்டாப் ஸ்கிரீன். ரெண்டாவது யாருன்னே விண்டோஸுக்கு தெரியல. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளயும் ஜாதகம் மாதிரி ஒரு சின்ன குறிப்பு இருக்கும், நான் இன்ன மாடல், என்னால இந்த இந்த ரெசல்யூஷன் தாங்க முடியும்னு, இடிஐடின்னு பேரு. கம்ப்யூட்டர் மொதல்ல அதை படிச்சுட்டுதான் படத்தை அனுப்பும். ஜாதகம் வரலன்னா எதுக்கு வம்புன்னு 1024ல நிறுத்திக்கும்.

விஜிஏ கேபிள்ல 15 பின்ல இந்த ஜாதகம் வர்றது 12ஆவதும் 15ஆவதும் வழியா. கேபிள் பழசுன்னு சொன்னீங்க. கேபிளை ரெண்டு முனையிலயும் கழட்டி, வெளிச்சத்துல வச்சு பின்னை எண்ணி பாருங்க. மேல அஞ்சு, நடுவுல அஞ்சு, கீழ அஞ்சு. நடு வரிசையில நாலாவது ஒண்ணு இல்லாம இருந்தா பயப்படாதீங்க, அது 9ஆவது பின், நிறைய கேபிள்ல வேணும்னே விட்டிருப்பாங்க. கீழ் வரிசையை நல்லா பாருங்க, கண்ணாடி போட்டுக்குங்க.

ஈரோடு_கணக்கு | 13ஆம் தேதி, இரவு 10:58

அய்யோ ஆமாங்க. கீழ் வரிசையில ஓரத்துக்கு அடுத்த பின்னு ஒண்ணு வளைஞ்சு தரையோட தரையா படுத்துக்கெடக்குது! ஆபீஸ்ல யாரோ இருட்டுல குத்தி அமுக்கியிருக்காங்க. எந்த ஓரம்னு தெரியல, எப்படி வச்சு எண்றது, 12ஆ 14ஆ?

ரிச்சித்தெரு | 13ஆம் தேதி, இரவு 11:06

எண்ணவே வேணாம், 12தான். 14ல வர்றது திரையை மேல இருந்து கீழ வரைக்கும் கோடு போடற டைமிங், அது போயிருந்தா படமே வந்திருக்காது. உங்களுக்கு படம் வருது, ஜாதகம் மட்டும் வரல.

மேல் வரிசையில வளைஞ்சிருந்தா இன்னும் வேடிக்கையா இருந்திருக்கும், மொத மூணும் சிவப்பு பச்சை நீலம். நீலம் போனா மானிட்டர் பூரா மஞ்சக்காமாலை, பச்சை போனா எல்லாம் ரோஸ் கலரு. கலர் மாறிப்போச்சுன்னு மானிட்டரை தூக்கிட்டு வர்றவங்கள்ல பாதி பேருக்கு இந்த பின்தான்.

இப்ப பசங்களோட லெட் பென்சில் இருக்கா, மைக்ரோ டிப்? லெட்டை எடுத்துட்டு அந்த வெறும் மூக்கை பின் மேல சொருகி மெதுவா நிமித்துங்க. ஒரே மூச்சுல நிமித்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு தடவை முன்னாடி பின்னாடி ஆட்டினா ஒடிஞ்சிடும், ஒடிஞ்சா புது கேபிள்தான், 100 ரூபாய்க்குள்ள வரும். மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு செய்யுங்க.

ஈரோடு_கணக்கு | 13ஆம் தேதி, இரவு 11:31

நிமித்திட்டேன். மாட்டினதும் ரெண்டு தடவை கண்ணு சிமிட்டுச்சு, அப்புறம் 1440க்கு 900 அதுவாவே வந்துருச்சுங்க. நானா எதுவும் செட் பண்ணல. மாடல் பேரு கூட காட்டுது. என் பொண்ணோட பென்சில் மூக்கு கோணிப்போச்சு, நாளைக்கு புதுசு வாங்கித்தரணும்.

எழுத்து மட்டும் லேசா நடுங்கற மாதிரி இருக்கு, அது பரவால்லீங்களா?

வைகைக்கரை | 14ஆம் தேதி, காலை 6:50

மானிட்டர்ல ஆட்டோன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, எக்செல்லை முழு ஸ்கிரீன்ல தொறந்து வச்சுட்டு அதை ஒரு அமுக்கு அமுக்குங்க. விஜிஏல மானிட்டர்தான் எந்த நிமிசத்துல வோல்ட்டேஜை அளக்கணும்னு யூகிக்கணும், திரை நிறைய கோடு கோடா எதாச்சும் இருந்தாத்தான் அது சரியா புடிக்கும். கருப்பு வால்பேப்பரை வச்சுட்டு ஆட்டோ அடிச்சா மானிட்டரு என்னத்த பாத்து சரி பண்ணும்.

ஈரோடு_கணக்கு | 14ஆம் தேதி, இரவு 9:15

எக்செல் வச்சு அமுக்கினேன், கல்லுல செதுக்கின மாதிரி நின்னுருச்சுங்க. மானிட்டர் எனக்கு இடது பக்கம் இருக்கு, ஆனா மவுஸ் வலது பக்கம் போனாத்தான் அதுக்குள்ள போச்சு, டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1, 2ன்னு இருக்கற கட்டத்தை புடிச்சு இடது பக்கம் இழுத்து வச்சதும் சரியாயிருச்சு, அதை நானே கண்டுபிடிச்சேன். ஸ்டாண்டு குட்டையா இருக்குன்னு 2016-17 பேரேட்டு நோட்டு ரெண்டை அடியில குடுத்திருக்கேன்.

இன்னைக்கு 2பி வந்துச்சு. இடது பக்கம் 2பி, வலது பக்கம் டேலி, ஒரு கடை முழுசா முடிச்சுட்டேன், சப்ளையர் போடாம விட்ட பில்லு மூணு மாட்டுச்சு.

அந்த 350 ரூபா டப்பாவை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலீங்க, பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுது.

வைகைக்கரை | 14ஆம் தேதி, இரவு 9:40

தூக்கி போட்ராதீங்க! நம்ம சென்டர்ல பழைய ஜி31 போர்டு சிபியு ஒண்ணு கெடக்கு, விஜிஏ மட்டும்தான் அதுல. வாசல்ல டிவி ஒண்ணு வச்சு ஆதார், பான் கார்டு, பட்டா சிட்டா என்னென்ன எடுத்துத் தர்றோம்னு ஓட விடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கேன். விஜிஏ டூ ஹெச்டிஎம்ஐ, எனக்கு வேண்டியது அச்சா அந்த டப்பாதான். முழு காசும் தர்றேன், மதுரை பஸ்ஸுல பார்சல் போட்டு விடுங்க, விலாசம் தனி மெசேஜ்ல அனுப்புறேன்.

சும்மா_வந்தவன் | 14ஆம் தேதி, இரவு 9:48

நான் ஒண்ணும் சொல்லல.

வைகைக்கரை | 17ஆம் தேதி, மதியம் 12:25

டப்பா வந்து சேந்துச்சு, மாட்டியாச்சு, மொத தடவையே படம் வந்துருச்சு. சத்தம் வரலைன்னு பாத்தா விஜிஏல ஏதுய்யா சத்தம், அவுங்க பெட்டிக்குள்ளயே ஆடியோ ஒயரு ஒண்ணு சுருட்டி வச்சிருக்காய்ங்க, அதை ஸ்பீக்கர் ஓட்டையில சொருகினதும் டிவில பேசுது. 350 ஜிபே பண்ணியிருக்கேன் பாருங்க.

ஈரோடு_கணக்கு | 17ஆம் தேதி, இரவு 10:10

வந்துருச்சுங்க அண்ணா. நாலு கடை முடிஞ்சுது, இன்னும் ஒண்ணுதான் பாக்கி.